எண்ணெய்க் குச்சி எகிறிய வீடு

"டப்!"

கொட்டகைப் பக்கமிருந்து வந்த அந்தச் சத்தம் சமையலறைச் சுவரைத் தாண்டி வந்து மூடியக்காவின் நெஞ்சில் விழுந்தது. கையிலிருந்த உப்பு டப்பாவை மூடினாள். சர்க்கரை டப்பா ஏற்கெனவே மூடித்தான் இருந்தது. இருந்தாலும் அதையும் ஒரு அழுத்து அழுத்தினாள். அடுப்பை அணைத்தாள். அதற்குப் பிறகுதான் ஓடினாள்.

கொட்டகைக்குள் நீலப் புகை. புகைக்கு நடுவே அந்தப் பழைய சிவப்புத் தோட்ட டிராக்டர் உடம்பெல்லாம் குலுங்க நின்றுகொண்டிருந்தது. பக்கத்தில் அவள் கணவர், மூக்குக் கண்ணாடியின் ஒரு கண்ணில் எண்ணெய் வழிய, சிலைபோல நின்றார். அவர் காலடியில் எண்ணெய்க் குச்சி கிடந்தது.

"மறுபடியுமா?"

"மறுபடியும்தான்." சாவியைத் திருப்பி இன்ஜினை நிறுத்தினார். "போன தடவை கூரையைப் பாத்துப் போச்சு. இந்தத் தடவை மூக்குக்குக் குறி வச்சிருக்கு. பழகிட்டு வருது."

சிரிக்க வேண்டிய பேச்சுதான். ஆனால் இருவருக்கும் சிரிப்பு வரவில்லை. அன்று ஞாயிற்றுக்கிழமை. மதியத்துக்குள் அவள் தம்பி வேனோடு வருவதாகச் சொல்லியிருந்தான், டிராக்டரை ஏற்றிக்கொண்டு போவதற்கு.

அவள் குனிந்து குச்சியை எடுத்துத் துணியால் துடைத்தாள். இன்ஜினுக்குள் எண்ணெய் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பதற்காகச் செருகி வைக்கிற சாதாரணக் குச்சி அது. தலையில் ரப்பர் வளையம் போட்ட மூடி. அழுத்தினால் இறுக்கமாக உட்கார்ந்துகொள்ளும். ஆனால் இன்ஜின் கொஞ்ச நேரம் ஓடினால் போதும், உள்ளேயிருந்து எதுவோ முட்டித் தள்ளி அதைத் தூக்கி வெளியே எறிந்துவிடும். அது மட்டுமா? இன்ஜினில் எங்கெல்லாம் இணைப்பு உண்டோ அங்கெல்லாம் வியர்த்ததுபோல எண்ணெய் கசிந்தது.

"ஏங்க, உள்ளயிருந்து தள்றது யாருங்க?"

"காத்து."

"காத்து ஏன் இதை வந்து தள்ளுது?"

"அது தெரிஞ்சா உன் தம்பி வாயில நான் ஏன் விழப் போறேன்?"

தெருவில் அவளை யாரும் பெயர் சொல்லி அழைப்பதில்லை. மூடியக்கா வீடு என்றால் தபால்காரருக்கும் தெரியும். திறந்து கிடக்கும் எதையும் கண்டால் அவள் கை சும்மா இருக்காது. பக்கத்து வீட்டு மாடி ஜன்னல் காற்றில் அடித்துக்கொண்டால் கீழே நின்று குரல் கொடுப்பாள். பேருந்தில் முன்னால் உட்கார்ந்திருப்பவரின் பை வாய் பிளந்திருந்தால் அவரைக் கேட்காமலேயே ஜிப்பை இழுத்துவிட்டு, திருடி என்று ஒருமுறை பிடிபட்டுமிருக்கிறாள். கணவர் தேநீரைப் பாதி குடித்துவிட்டுக் கீழே வைத்தால், அடுத்த வாய்க்கு எடுக்கும்போது டம்ளர் மேல் ஒரு தட்டு இருக்கும். விருந்தாளிகள் விடைபெற்றுப் படியிறங்கும்போது கதவு முதுகில் இடிக்கும். "போறதுக்குள்ள சாத்துறியே, நாங்க என்ன கொசுவா?" என்று நாத்தனார் கேட்டுக் கேட்டு அலுத்துப் போனாள்.

அந்தப் பழக்கம் சும்மா வந்ததில்லை. அவள் பிறந்த வீடு கல் லாரிகள் போகிற சாலையின் ஓரத்தில் இருந்தது. ஒவ்வொரு லாரிக்கும் ஒரு மேகம் புழுதி. அம்மாவுக்கு நெஞ்சில் சளி. இரும ஆரம்பித்தால் நிற்காது. லாரிச் சத்தம் தூரத்தில் கேட்டதும் ஓடிப்போய் ஜன்னல்களைச் சாத்துவதும், தண்ணீர்ப் பானையை மூடுவதும், அம்மாவின் மருந்துப் பாட்டிலைத் திருகி வைப்பதும் அந்தச் சின்னப் பெண்ணின் வேலை. யாரும் சொல்லி வந்த வேலை அல்ல. அம்மாவுக்காக அவளால் செய்ய முடிந்தது அது ஒன்றுதான். அம்மா போனபிறகும் அந்தக் கைகளுக்கு வேலை நிற்கவில்லை.

சண்டைகளையும் அவள் அப்படித்தான் மூடினாள். வீட்டில் யாராவது குரலை உயர்த்தினால், "சரி, விடுங்க, போகட்டும்" என்று இரண்டு பேர் வாயிலும் ஏதாவது தின்பண்டத்தை வைத்துவிடுவாள். மூடியதுபோலத்தான் தெரியும்.

கணவர் பல்செட் செய்பவர். பல் டாக்டர்கள் அனுப்பும் வாய் அச்சுகளுக்கு அளவெடுத்தாற்போல் பல்வரிசை கட்டிக் கொடுப்பார். வாசலறைதான் அவர் பட்டறை. அலமாரி முழுக்க வெள்ளைத் தாடைகள் வரிசையாக இளித்துக்கொண்டிருக்கும். முதல்முறை வருகிறவர்கள் எந்தத் தாடையைப் பார்த்து வணக்கம் சொல்வது என்று தடுமாறுவார்கள். பொடியும் திரவமும் கலந்து ஈறுக்கான இளஞ்சிவப்பு மாவைக் குழைத்துக் கொடுப்பது மூடியக்காவின் வேலை. குழைத்த சற்று நேரத்துக்குள் அது கல்லாகிவிடும். அந்தப் பதம் அவள் கைக்குத் தெரியும். மற்ற நேரமெல்லாம் அவள் வீட்டுக்குப் பின்னாலிருக்கும் நாற்றுப் பண்ணையில். அப்பா விட்டுப்போன நிலம், அப்பா விட்டுப்போன டிராக்டர்.

அந்த டிராக்டரில்தான் வினை வந்தது. அது நின்றுபோனபோது, "நான் வந்து பாக்குறேன்க்கா, யாரும் கை வைக்காதீங்க" என்று தம்பி சொன்னான். அவன் லாரி மெக்கானிக். ஆனால் வேலை ஓய்ந்தால்தானே வருவான்? மழைக்காலம் முழுக்கக் காத்திருந்த கணவர் ஒருநாள் வெள்ளைத் துணியை விரித்து, இன்ஜினைப் பிரித்து, பல்வரிசையை அடுக்குவதுபோல ஒவ்வொரு பாகத்தையும் அடுக்கிவிட்டார். பிஸ்டனைச் சுற்றிப் போடும் புது ரிங் வாங்கி, பல்செட் தேய்க்கும் சின்ன அரத்தால் தேய்த்துப் பொருத்திக்கொண்டிருந்தபோது தம்பி வந்து நின்றான்.

"ஏன், நான் செத்துட்டேனா?" என்று கேட்டான்.

"நீ வர்றதுக்குள்ள இன்ஜின்ல செடி முளைச்சிடும்னு பாத்தேன்" என்றார் கணவர்.

"பல்லு கட்டுற கை பிஸ்டன் கட்டினா இன்ஜின் இளிக்கத்தான் செய்யும்" என்றான் தம்பி.

மூடியக்கா நடுவில் புகுந்து, "சரி, விடுங்க, போகட்டும்" என்றாள். தம்பி செருப்பை மாட்டிக்கொண்டு போனவன்தான். அதற்குப் பிறகு அந்த இருவரும் ஒருவரோடொருவர் ஒரு வார்த்தை பேசவில்லை. இன்ஜினும் முதல் நாளே குச்சியை எறிந்தது. செய்தி எப்படியோ தம்பி காதுக்குப் போய், அவன் போன வாரம் போன் செய்தான். "மாமா கைவேலையில தப்பு இருந்தா வண்டியை ஏத்திக்கிட்டுப் போயிடுவேன்க்கா. அப்பா வண்டி. அது நாசமாப் போறதை நான் பாத்துட்டு இருக்க மாட்டேன்."

டிராக்டர் போனால் பண்ணைக்கு உழவில்லை, இழுவை இல்லை. அதைவிட, போகிற வேனைப் பார்த்துக்கொண்டு நிற்கப்போகும் கணவரின் முகம். அதைத்தான் மூடியக்காவால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

வேன் வந்து நின்றது. தம்பி இறங்கியதும் முதல் வேலையாகப் பின்கதவைத் திறந்து இரண்டு நீளப் பலகைகளைச் சாய்த்து வைத்தான், ஏற்றுவதற்குத் தயாராக. அவள் தண்ணீர்ச் செம்போடு வந்தாள். செம்பின் மேல் மூடி.

"மூடியைத் தொறந்துட்டுக் குடுக்கா. இல்ல, மூடியோடயே குடிக்கணுமா?"

"பலகையை எடுத்து உள்ள வை."

"ஏன்?"

"முதல்ல நோய் என்னன்னு பாரு. அப்புறம் தூக்கிட்டுப் போ."

"பாக்கிறதுக்கு என்னக்கா இருக்கு? ரிங் சரியா உக்காரல. மேல வெடிக்கிற காத்து பிஸ்டன் ஓரமா ஒழுகிக் கீழ எண்ணெய் இருக்கிற இடத்துக்குப் போகுது. அங்க அடைபட்டுத் தள்ளுது. லாரியில தினம் பாக்குறேன்."

"அப்போ அதைக் காட்டு. நான் என் கண்ணால பாக்கணும்."

தம்பி அவளை ஏற இறங்கப் பார்த்தான். அக்கா இப்படி ஒன்றைப் பிடித்துக்கொண்டு நிற்பது அவனுக்குப் புதிது. "சரி. காட்டுறேன்" என்றான்.

கொட்டகையில் கணவர் கைகட்டி ஓரமாக நின்றார். தம்பி அவர் பக்கம் திரும்பாமல், "அக்கா, எண்ணெய் எவ்வளவு ஊத்தினாருன்னு கேளு" என்றான்.

"கோடு வரைக்கும்தான் ஊத்தினேன்னு சொல்லு" என்றார் கணவர், மூன்றடி தூரத்திலிருந்து.

"கோடு வரைக்கும்தானாம்" என்றாள் அவள்.

"காது கேக்குது." குச்சியை விட்டு எடுத்துப் பார்த்தான். சரியான அளவு. மூக்கருகில் கொண்டுபோய் முகர்ந்தான். "பெட்ரோல் வாசனை இல்ல. பெட்ரோல் ஒழுகி எண்ணெயில கலந்தாலும் இப்படி உப்பும். அது இல்ல."

பிறகு அவன் செய்தது மூடியக்காவுக்கு விளையாட்டுபோல இருந்தது. மீன் தொட்டிக்குக் காற்று விடுகிற மெல்லிய கண்ணாடிக் குழாய் ஒன்றைப் பையிலிருந்து எடுத்தான். கண்ணாடி என்றால் கண்ணாடி இல்லை, உள்ளே தெரிகிற பிளாஸ்டிக். அதை ஒரு பலகைத் துண்டில் தொங்கும் மாலைபோல வளைத்து ஆணியடித்தான். ஒரு முனையைத் தக்கையில் துளையிட்டு நுழைத்து, அந்தத் தக்கையை எண்ணெய்க் குச்சி இருந்த ஓட்டையில் இறுக்கினான். மறுமுனை வானத்தைப் பார்த்தது.

"இதுல பாதிக்குத் தண்ணி ஊத்துவேன். இன்ஜின் உள்ள இழுத்தா தண்ணி இன்ஜின் பக்கம் ஏறும். வெளிய தள்ளினா இந்தப் பக்கம் ஏறும்."

"உள்ள இழுக்கணுமா, வெளிய தள்ளணுமா? எது நல்லது?"

"லேசா இழுக்கணும். அப்பத்தான் எண்ணெய் வெளிய கசியாது."

அவன் தண்ணீர் ஊற்றினான். அரையிருட்டில் தண்ணீர் எங்கே நிற்கிறது என்று தெரியவில்லை. கண்ணைச் சுருக்கினான். கணவர் சத்தமில்லாமல் வாசலறைக்குப் போய், வாய் கொப்பளிக்கும் நீல மருந்துப் பாட்டிலைக் கொண்டுவந்து பக்கத்திலிருந்த பெட்டி மேல் வைத்துவிட்டு மறுபடியும் கைகட்டிக்கொண்டார். தம்பி பாட்டிலைப் பார்த்தான். எடுத்து இரண்டு சொட்டு விட்டான். குழாய்க்குள் நீலக்கோடு பளிச்சென்று நின்றது. பாட்டிலின் மூடியை யார் போட்டிருப்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை.

"அக்கா, சாவியைத் திருப்பு."

இன்ஜின் இருமிக்கொண்டு எழுந்தது. நீலக்கோடு நடுங்கியது. மூடியக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா? ஒரு கணம் இரண்டுமில்லாமல் ஆடியது. அடுத்த கணம் குழாயிலிருந்த தண்ணீர் அத்தனையும் ஊற்றுபோலப் பீறிட்டுத் தம்பியின் முகத்தில் அடித்தது.

"நிறுத்து! நிறுத்துக்கா!"

முகத்தில் நீலம் வழிய நின்றான். புதினா வாசனை கொட்டகை முழுக்கப் பரவியது. ஓரத்திலிருந்து ஒரு சத்தம் வந்தது. கணவர் இருமுகிறாரா, சிரிப்பை அடக்குகிறாரா என்று தெரியவில்லை.

"அக்கா, வாய் நல்லா மணக்குதுன்னு மாமாகிட்ட சொல்லு."

"சொல்லத் தேவையில்ல" என்றாள் அவள், தலைப்பால் அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டே. "இப்ப என்ன தெரிஞ்சது?"

"உள்ள அழுத்தம் இருக்கு. அதுவும் பயங்கரமா. நான் சொன்னது சரிதானே? ரிங்தான்." அவன் குரலில் வெற்றி இருந்தது. வேன் நின்ற திசையை ஒருமுறை பார்த்தான்.

அவளும் அந்தத் திசையைப் பார்த்தாள். ஆனால் கேள்வி ஒன்று உள்ளே குடைந்தது. "அழுத்தம் இருக்குங்கிறது சரி. அது ரிங் வழியாத்தான் வந்ததுன்னு தண்ணி சொல்லுச்சா?"

தம்பி பதில் சொல்ல வாயைத் திறந்து, மூடிக்கொண்டான். தொழில் தெரிந்தவன். பொய் சொல்ல முடியாது. "இல்ல. அதுக்கு வேற சோதனை. காத்தடிக்கிற மெஷின் வேணும்."

"அவர் பட்டறையில இருக்கே."

பல்செட்டிலிருந்து தூசி ஊதுகிற சின்னக் காற்று இயந்திரம் கொட்டகைக்கு வந்தது. தம்பி இன்ஜினின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினான். பிஸ்டன் உச்சிக்கு வரும்வரை கையால் சுழற்றி, அது நகராதபடி சக்கரத்தில் ஒரு கட்டையைக் கொடுத்தான். "இப்போ இன்ஜின் வாயெல்லாம் மூடியிருக்கு. பிளக் ஓட்டை வழியா காத்து அடைக்கிறேன். எங்க ஒழுகுதோ அங்க சத்தம் கேக்கும். உன் காது நல்ல காது. நீயே கேளு."

முதலில் புகைக்குழாயில் காதை வைத்தாள். அமைதி. காற்று நுழையும் பக்கம் வைத்தாள். அங்கும் அமைதி. கடைசியாக எண்ணெய் ஓட்டை. அங்கே சத்தம் கேட்டால் ரிங் கோளாறுதான்; அங்கேதான் அவள் விதி இருந்தது. அவள் குனிந்தாள்.

"ஸ்…" என்று ஒன்று. தூங்குகிற குழந்தையின் மூச்சுபோல, இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்படும்படி.

"கேக்குதா?"

"கேக்குது" என்றாள் செத்த குரலில். "ரொம்ப லேசா."

தம்பி அவளை நகர்த்திவிட்டுத் தானே காதை வைத்தான். வெகுநேரம் காதை எடுக்கவே இல்லை. மெஷினின் முள்ளைப் பார்த்தான். மறுபடியும் காதை வைத்தான். நிமிர்ந்தபோது அவன் முகத்தில் இருந்தது கோபம் அல்ல, குழப்பம்.

"என்னடா?"

"லேசா ஒழுகுறது எல்லா இன்ஜின்லயும் உண்டு. ஷோரூம்லேர்ந்து வர்ற புது வண்டியிலயும் உண்டு." பின்மண்டையைச் சொறிந்தான். "ரிங் நல்லா உக்காந்திருக்கு."

"கொஞ்சம் சத்தமா சொல்லு" என்றாள் அக்கா. "ஓரத்துல இருக்கிறவருக்குக் கேக்கணும்ல."

"ரிங் நல்லா உக்காந்திருக்குன்னு சொன்னேன்! போதுமா?"

கணவர் கட்டிய கைகளை அவிழ்த்தார். ஆனால் அருகில் வரவில்லை. ஏனென்றால் இன்ஜின் இன்னமும் நோயாளிதான். ரிங் இல்லையென்றால் எது? மூன்று பேருக்கும் அதே கேள்வி. வந்த சண்டையே ஒரு ஓரமாக நகர்ந்து, கேள்விக்கு இடம் விட்டுக் கொடுத்ததுபோல இருந்தது.

"எனக்கு ஒண்ணு சொல்லு" என்றாள் மூடியக்கா. "பிஸ்டன் மேலயும் கீழயும் போகுது. கீழ வரும்போது கீழ இருக்கிற காத்து நசுங்கும்தானே? நல்ல இன்ஜின்ல அந்தக் காத்து எங்க போகும்?"

"அதுக்கு ஒரு வாசல் இருக்குக்கா. பிரீதர்னு சொல்லுவோம்." இன்ஜின் விலாவில் ஒட்டியிருந்த தீப்பெட்டி போன்ற டப்பாவைக் காட்டினான். "உள்ள ஒரு மெல்லிசு தகடு, ஒருவழிக் கதவு மாதிரி. காத்து வெளிய போறப்போ திறக்கும். திரும்பி வரப் பாத்தா மூடிக்கும். அதனாலதான் உள்ள லேசா இழுவை இருக்கும். இன்ஜின் மூச்சு விடுறது இது வழியாத்தான்."

"அந்தத் தகட்டை ரெண்டு தடவை கழட்டிப் பாத்தாச்சுன்னு சொல்லு" என்றார் கணவர். "சுத்தமா இருக்கு. ஈறு மாதிரி ஒட்டி உக்காருது."

தம்பி நம்பாமல் தானும் கழற்றினான். விளக்கில் பிடித்தான். ஊதினான், போயிற்று. உறிஞ்சினான், நின்றது. "சரியாத்தான் இருக்கு." மறுபடி பொருத்தினான். ஆனால் டப்பாவிலிருந்து கீழே போகும் கறுப்பு ரப்பர் குழாயை மாட்டப் போனவன் சட்டென்று நின்றான். குழாயைக் கையிலேயே வைத்துக்கொண்டான்.

"அக்கா, தண்ணியை ஊத்து. இந்தக் குழாய் இல்லாம ஓட்டுவோம்."

நீலம் மறுபடி குழாயில் நின்றது. இந்த முறை தம்பி எட்டியே நின்றுகொண்டான். இன்ஜின் எழுந்தது. கோடு நடுங்கியது. பிறகு, யாரோ மெதுவாகக் கூப்பிட்டதுபோல, தண்ணீர் இன்ஜின் பக்கமாக ஏறியது. ஏறி, அங்கேயே நின்று லேசாகத் துடித்தது.

"இழுக்குது!" என்று கத்தினாள் மூடியக்கா. "ஏங்க, இழுக்குதுங்க!"

"டப்பாவுல இல்ல, குழாயில கோளாறு." தம்பி குழாய் போகும் வழியைக் கண்ணால் தொடர்ந்தான். அது பேட்டரித் தட்டுக்குப் பின்னால் இறங்கி இருட்டில் மறைந்தது. "இது ஏன் இப்படிப் போகுது? மேல ஏர் பில்டர்லதானே சேரணும்?"

"அந்த பில்டர் டப்பா உடைஞ்சு போச்சு. புதுசு கிடைக்கிற வரைக்கும் குழாய் வாயைத் திறந்து கீழ விட்டிருக்கேன்." இந்த முறை கணவர், 'சொல்லு' என்று சேர்க்க மறந்துவிட்டார்.

தம்பி குனிந்து பார்த்தான். தலை நுழையவில்லை. விரல் எட்டவில்லை. கணவர் சட்டைப் பையிலிருந்து ஒன்றை எடுத்து நீட்டினார். பல் டாக்டர்கள் வாய்க்குள் விட்டுப் பார்க்கிற, நீளக் காம்பு வைத்த வட்டக் கண்ணாடி. தம்பி வாங்கிக்கொண்டான். பேட்டரியின் இடுக்கில் அதை நுழைத்து டார்ச்சை அடித்தான். "ஆ காட்டு, ஆ காட்டு" என்று இன்ஜினிடம் சொன்னான். பிறகு பேச்சு நின்றது.

"அக்கா, இன்ஜினுக்கு ஈறு இருக்குமா?"

"என்னடா உளர்ற?"

"வந்து பாரு."

அவள் மண்டியிட்டுக் கண்ணாடிக்குள் பார்த்தாள். கறுப்புக் குழாயின் வாயில் அழகாக, வழவழவென்று, ஓரமெல்லாம் விரலால் நீவிவிட்டதுபோல இளஞ்சிவப்பு அடைப்பு.

மூடியக்கா தன் விரல்களைப் பார்த்தாள்.

நினைவு வந்துவிட்டது. இன்ஜின் வேலை முடிந்த அன்று சாயங்காலம் கணவர் கை கழுவப் போனார். பேட்டரி இன்னும் வைக்கவில்லை. அவர் அத்தனை நாள் பாடுபட்டுக் கட்டிய இன்ஜினிலிருந்து ஒரு குழாய் வாயைப் பிளந்துகொண்டு தொங்கியது. பக்கத்தில் மண் மூட்டைகள். 'ஐயோ, தூசி போயிடுமே' என்று மனது பதறியது. பட்டறையில் ஈறுக்குக் குழைத்தது கிண்ணத்தில் மீந்திருந்தது. விரலால் வழித்து வந்து அடைத்தாள். அதற்குப் பிறகு துவரம்பருப்பு டப்பாவை மூடினாள், கொல்லைக் கதவைச் சாத்தினாள். ஒரு நாளில் அவள் மூடுகிற எத்தனையோ மூடிகளில் அதுவும் ஒன்று. மறந்தே போனாள்.

"இது உங்க பல்செட்டு சாமான்தானே?" தம்பி நேராகக் கணவரைப் பார்த்துக் கேட்டான். அத்தனை மாதத்தில் நேராகக் கேட்ட முதல் வார்த்தை. "இந்த ஊர்ல வேற யார்கிட்ட இருக்கு இது?"

கணவர் குனிந்து கண்ணாடிக்குள் அந்த இளஞ்சிவப்பைப் பார்த்தார். பிறகு மண்டியிட்டபடியே உறைந்திருந்த மனைவியைப் பார்த்தார். ஒரே பார்வை. எத்தனை வருஷமாக அவர் தேநீரின் மேல் தட்டைக் கண்டவர்! அவருக்குப் புரிந்துவிட்டது. வாசலில் சாய்த்து வைத்த பலகைகளும் அவர் கண்ணில் பட்டன. தப்பு அவர் கைவேலை என்றால் வண்டி போய்விடும். அது அவருக்குத் தெரியும்.

"ஆமா" என்றார் அமைதியாக. "நான்தான் அடைச்சேன். ஏதோ ஞாபகத்துல. எடுக்க மறந்துட்டேன். பேச்சு பேச்சா இருக்கட்டும். வண்டியை ஏத்திக்கோ."

மூடியக்கா வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். அவளைப் பார்த்து ஒருவரும் ஒரு சொல் கேட்கப்போவதில்லை. அவளுக்குப் பழகிய வழியும் அதுதான். 'சரி, விடுங்க, போகட்டும்' என்ற வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது.

"பொய் சொல்றாருடா!" என்று கத்தினாள். "நான்தான். நான் அடைச்சேன். தூசி போயிடும்னு அடைச்சேன். அவர் கட்டினதுல ஒரு குறையும் இல்ல. எல்லாத்தையும் நான்தான் கெடுத்தேன். உங்க ரெண்டு பேரையும் நான்தான் பேச விடாம அடைச்சேன். அன்னிக்கே கத்தித் தீர்த்திருப்பீங்க!"

கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. எண்ணெய்க் கையால் துடைத்ததில் கன்னமெல்லாம் கறுப்பு.

தம்பி மெல்ல அவள் பக்கத்தில் வந்து தரையில் உட்கார்ந்தான்.

"அக்கா. அம்மா என்ன சொல்லுவாங்க, ஞாபகம் இருக்கா? நீ ஜன்னலைச் சாத்திட்டு நிப்ப. அம்மா சிரிச்சுக்கிட்டே, 'தூசி வந்தா வரட்டும்டி, கூடவே காத்தும் வரும்ல, கொஞ்சம் திறந்து விடு'ன்னு சொல்லுவாங்க. நீ மாட்டேன்னு அழுவ."

அவள் தலையை ஆட்டினாள்.

"அழாதக்கா. இன்ஜினுக்குப் பல்செட்டு கட்டின ஒரே ஆள் நீதான்."

அவ்வளவுதான். கணவர் ஓரத்தில் இவ்வளவு நேரம் அடக்கியது வெடித்தது. சிரித்துச் சிரித்து அவருக்குக் கண்ணாடி நழுவியது. தம்பியும் சிரித்தான். அழுதுகொண்டிருந்தவளும் அழுகைக்கு நடுவிலேயே சிரித்தாள். சிரிப்பு அடங்கியதும் தம்பி தொண்டையைக் கனைத்துக்கொண்டான்.

"மாமா, அன்னிக்கு நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது. ஆனா நீங்க செடி முளைக்கும்னு சொன்னது எனக்குத் தச்சுது. அப்பா வண்டியாச்சே."

"எனக்கும் பல்லு கட்டுற கைன்னு சொன்னது தச்சுது. இந்தக் கைதானே சோறு போடுது." கணவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். "ஆனா செடி முளைச்சிருக்கும்ப்பா. நிஜமாவே வர்றேன் வர்றேன்னு சொல்லிட்டு..."

"ஆமா, வரல. தப்புதான். அதுக்கு அப்படியா சொல்றது?"

குரல் கொஞ்சம் உயர்ந்தது. மூடியக்காவின் வாய் தானாகத் திறந்தது. உடனே பல்லைக் கடித்துக்கொண்டாள். அவர்கள் பேசித் தீர்க்கட்டும். பேசினார்கள், கையை ஆட்டி ஆட்டிப் பேசினார்கள். கடைசியில் இருவருமாகப் பேட்டரியை இறக்கி, குழாயின் நுனியை வெட்டி எடுத்து, வாயைத் திறந்தபடி விட்டு, பேட்டரியைத் திரும்ப வைத்தார்கள். எண்ணெய்க் குச்சியை அவள்தான் செருகினாள். இன்ஜின் ஓடியது. தேநீர் போட்டுக் கொண்டுவந்து குடித்து முடிக்கும் வரைக்கும் ஓடியது. குச்சி உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்திருந்தது. புகை மெலிந்து, பிறகு இல்லாமலே போனது. டம்ளர்களின் மேல் அன்று தட்டு இல்லை.

"கசியுற எண்ணெய் ஒரு வாரத்துல தானா நின்னுடும் மாமா. நிக்கலன்னா போன் பண்ணுங்க."

"வந்துடுவியா?"

"செடி முளைக்கிறதுக்குள்ள வந்துடுவேன்."

வெட்டிய நுனியைத் தம்பி துணியில் சுற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். தன் லாரிப் பட்டறையில் வேலை செய்பவர்களிடம் காட்ட வேண்டுமாம். சொன்னால் நம்ப மாட்டார்களாம். சாய்த்து வைத்திருந்த பலகைகளை எடுத்து வெறும் வேனுக்குள் தள்ளினான். "வர்றேன்க்கா. வர்றேன் மாமா" என்று ஏறி உட்கார்ந்தான்.

மூடியக்கா வாசற்படியில் நின்றாள். தம்பி ஜன்னல் வழியாகத் தலையை நீட்டித் திரும்பிப் பார்த்தான், கதவு இன்னும் சாத்தவில்லையே என்ற ஆச்சரியத்தோடு. வேன் புழுதியைக் கிளப்பிக்கொண்டு நகர்ந்தது. புழுதி படியேறி, அவளைத் தாண்டி, வாசலறையில் இளித்துக்கொண்டிருந்த தாடைகள் வரைக்கும் போனது.

"என்ன இன்னும் நிக்குற? தூசி வருது, சாத்து" என்றார் கணவர் உள்ளேயிருந்து.

"வரட்டுங்க."

தெருமுனையில் வேன் திரும்பி, அதன் சத்தம் தேய்ந்து, இல்லாமல் போகும்வரை நின்றாள். பிறகு மெதுவாகக் கதவைச் சாத்தினாள்.